பல்கலைக்கழக ஆய்வுக் களஞ்சியங்கள்: தோற்றமும் வளர்ச்சியும்

பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியராயுள்ள ஒருவர் ஆராய்ந்தெழுதிய கட்டுரையின் படியொன்றை அப்பல்கலைக்கழகமே தன் கணனியிற் பேணி, உலகில் எவரும் பொருள் கொடாது எடுத்துப் படிக்குமாறு திறந்து வைப்பதுண்டு. அவ்வாறு திறந்து வைக்கப்பட்ட தொகுதியை இக்காலத்தார் திறந்த அணுகற் களஞ்சியம் என வழங்குவர். செயலளவில் இது மிகச் சிறியது. கட்டுரையை எழுதியவர் அதன் கோப்பைக் களஞ்சியத்துக்கு அனுப்பி, தலைப்பையும் ஆண்டையும் வெளிவந்த ஆய்விதழின் பெயரையும் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் அதற்குச் செல்லாது. ஆயினும் இச்சிறு செயலை ஆய்வாளரைக் கொண்டு செய்வித்தற்கு மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகள் முயல வேண்டியிருந்தது. களஞ்சியம் கட்டுதல் எளிதாயிற்று. அதனுள் இடுவாரைக் காண்டல் அரிதாயிற்று. அவ்வருமை எதனால் நேர்ந்தது, எவ்விடத்தில் எம்முறையால் நீங்கிற்று என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆய்விதழ் என்னும் அமைப்பு 1665ஆம் ஆண்டிலே தோன்றியது. அவ்வாண்டு சனவரியிற் பாரிஸ் நகரில் தெனி டி சலோ என்பார் ஓர் அறிஞர் இதழைத் தொடங்கினார். மார்ச்சு மாதத்தில் இலண்டன் அரச கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேக் தத்துவச் செய்திகள் என்னும் பொருள்படும் பெயரோடு மற்றோரிதழை வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் தாம் கண்ட உண்மையை அவ்விதழ்களுக்கு எழுதியனுப்பியது பணத்துக்காகவன்று. இன்னதை இன்னார் முதலிற் கண்டார் என்பது பதிவாதலும், அதனைப் பிறர் படித்தலும் அவர் வேண்டிய ஊதியமாகும். அவ்வழக்கம் இன்றுங் குன்றவில்லை. நாவலாசிரியருக்கு உரிமைத்தொகை உண்டு. பாடநூல் எழுதுவோருக்கும் உண்டு. ஆய்விதழிற் கட்டுரை எழுதுவோருக்கு இல்லை. அக்கட்டுரையை வாசித்துத் தகுதி ஆராயும் சக அறிஞருக்கும் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வழக்கத்தின்மேல் ஒரு பெருவணிகம் எழுந்தது. அரசுகள் விஞ்ஞானத்துக்குப் பெரும்பொருள் ஒதுக்கின, கட்டுரைகள் பெருகின, அவற்றை அச்சிடும் பொறுப்பை அறிஞர் கழகங்களிடமிருந்து தனியார் நிறுவனங்கள் படிப்படியாகக் கைக்கொண்டன. எழுதியவர் பதிப்புரிமையை வெளியீட்டாளருக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்தல் பொதுவிதியாயிற்று. இதன் விளைவு நோக்கத்தக்கது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அவர் எழுதியதை இலவசமாகப் பெறுவது வெளியீட்டாளர். அதனை மீண்டும் விலைகொடுத்து வாங்குவது அதே பல்கலைக்கழகத்தின் நூலகம். றொபேட் மக்ஸ்வெல் 1951ஆம் ஆண்டளவிற் கைக்கொண்டு வளர்த்த பேர்கமன் அச்சகத்தை 1991இல் எல்செவியர் நிறுவனத்துக்கு 44 கோடி பவுணுக்கு விற்றார். எழுதியோருக்கு ஒரு சதமும் கொடாத பக்கங்களே அவ்விற்பனையின் பெரும்பகுதிச் சரக்கு.

வெளியீட்டாளரைக் காத்திராது ஆய்வாளர் தமக்குள்ளே கட்டுரைகளைப் பகிரும் முயற்சி கணனிக்கு முன்னரே ஒருமுறை நிகழ்ந்து முறிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய சுகாதார நிறுவகம் 1961இல் செய்திப் பரிமாற்றக் குழுக்கள் என ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. எறெற் அல்பிறிற்றன் என்பார் அதனை நடத்தினார். குழுவில் ஒருவர் தம் அச்சேறாத கட்டுரையை அனுப்பினால், நிறுவகம் அதனைப் படியெடுத்து அத்துறையினர் எல்லோருக்கும் தபாலில் அனுப்பும். ஏழு குழுக்கள் அமைந்தன; 3,600க்கு மேற்பட்டோர் சேர்ந்தனர்; 2,500க்கு மேற்பட்ட கட்டுரைகள் சுற்றுக்கு வந்தன. இதனைக் கண்டு உயிர்வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர் பலர் 1966இல் ஒன்றுகூடி, இக்குழுக்களிற் சுற்றிய எக்கட்டுரையையும் தம் இதழ்களில் ஏற்பதில்லை என முடிவு செய்தனர். இதழில் வெளிவராத கட்டுரையாற் பதவியுமில்லை, பெயருமில்லை. ஆகவே எழுதுவோர் பின்வாங்கினர். 1967இல் திட்டம் மூடப்பட்டது. பிற்காலத்து முயற்சிகளை நோக்குவோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. ஆய்வாளனைக் கட்டியிருந்த கயிறு பதவியுயர்வு என்பதை வெளியீட்டுத்துறையினர் அன்றே அறிந்திருந்தனர். பல்கலைக்கழகங்கள் அதனை அறிந்து பயன்கொள்ள மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன.

பௌதிகர் நிலை வேறு. அச்சுக்கு முந்திய படிகளை ஒருவர்க்கொருவர் தபாலில் அனுப்புதல் அவர்களிடையே நெடுங்கால வழக்கம். கலிபோணியாவிலுள்ள ஸ்ரான்பட் நேர்முடுக்கி நிலையத்தின் நூலகத்தார் 1969 முதல் தமக்கு வந்த படிகளின் பட்டியலை வாரந்தோறும் அச்சிட்டு அனுப்பினர். அவற்றுட் பின்னர் இதழில் வெளிவந்தவற்றுக்கு வேறொரு பட்டியல் வெளியிட்டு, அதற்கு எதிர்-முன்படிகள் என்று பெயரும் சூட்டினர். துகளும் எதிர்த்துகளும் ஆராய்வோரிடம் இத்தகைய நகைச்சுவை இயல்பே. ஆயின் தபாலில் வந்த படிகள் யாருக்கு வந்தன என்பது கேள்வி. பேர்பெற்ற நிலையங்களுக்கு வந்தன. சிறு கல்லூரியொன்றில் தனித்திருந்து ஆராய்வோனுக்கு அவை வரவில்லை. இதழ் அச்சாகிக் கப்பலேறி வரும்வரை அவன் காத்திருந்தான். அதற்குள் அவன் ஆராய்ந்த பொருளைப் பிறர் முடித்துவிடுவதுமுண்டு.

இவ்வேற்றத்தாழ்வை ஓரளவு போக்கியவர் போல் கின்ஸ்பார்க். நியூ மெக்சிக்கோவிலுள்ள லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், 1991 ஓகஸ்ட் 14ஆந் திகதி ஒரு கணனியிற் கட்டுரைச் சேமிப்பொன்றை ஆரம்பித்தார். எழுதியோர் மின்னஞ்சலால் இடலாம். வேண்டியோர் மின்னஞ்சலாற் பெறலாம். துகட்பௌதிகக் கொள்கையின் ஒரு சிறு கிளையினருக்காக, ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு கட்டுரைகளை எதிர்பார்த்தே அது அமைக்கப்பட்டது. எதிர்பார்ப்புச் சில மாதங்களில் விஞ்சப்பட்டது. 2001இல் அச்சேமிப்பு கின்ஸ்பார்க்குடன் கோணெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. 2022 தொடக்கத்தில் அதிலுள்ள கட்டுரைகள் இருபது இலட்சத்தைத் தாண்டின. ஆர்க்கைவ் என அது வழங்கும். பெயரின் நடுவேயுள்ள எழுத்தைக் கிரேக்கருடைய 'கை' என்னும் எழுத்தாகக் கொண்டு வாசித்தல் வேண்டும். 1904இல் பொயின்காரே விடுத்துச் சென்ற கணித வினாவுக்கு உருசியரான கிறிகோறி பெரல்மான் கண்ட விடை 2002, 2003ஆம் ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக அங்கேதான் இடப்பட்டது. எந்த ஆய்விதழுக்கும் அவர் அவற்றை அனுப்பவில்லை. உலகத்துக் கணித அறிஞர் அவற்றைச் சேமிப்பிலிருந்தே எடுத்துச் சரிபார்த்தனர். 2006இல் அளிக்கப்பட்ட பீல்ட்ஸ் பதக்கத்தையும் அவர் ஏற்கவில்லை என்பது வேறு கதை.

பௌதிகருக்கு இயன்றது பிறருக்கு ஏன் இயலாது? இவ்வினாவை ஓயாது எழுப்பியவர் ஸ்ரெவன் ஹானாட். ஹங்கேரியிற் பிறந்து கனடாவில் வளர்ந்த உளவியலறிஞர் இவர். 1994 யூன் மாதத்தில் அறிஞர் பலர்க்கும் அனுப்பிய ஒரு மடலில், தாமே கவிழ்ப்புப் பிரேரணை எனப் பெயரிட்ட ஒன்றை இவர் முன்வைத்தார். ஊதியங் கருதாது எழுதும் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் கட்டுரையின் படியைத் தாமே பொதுவில் வைப்பராயின், விலைத்தடை தானே விழும் என்பது அதன் சாரம். அவர் நம்பிக்கையோடு கூறியது உடனே நிகழவில்லை. ஆயினும் அவர் வாதம் ஒரு பயனை விளைவித்தது. 1999 ஒக்ரோபரில் நியூ மெக்சிக்கோவின் சாந்தா பே நகரிற் கூடிய வல்லுநர், வெவ்வேறு சேமிப்புகளின் விவரக்குறிப்புகள் ஒரே முறையில் அமைதல் வேண்டும் என முடிவு செய்தனர். அம்முறையினால் ஆயிரங் களஞ்சியங்களுட் கிடக்கும் கட்டுரைகளை ஒரே நூலகப் பட்டியல் போலத் தேட முடிந்தது. இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகம் 2000இல் ஈபிறின்ற்ஸ் என்னும் களஞ்சிய மென்பொருளை வெளியிட்டது. அதனை முதலில் எழுதிய றொபேட் ரான்ஸ்லி பின்னர் அமெரிக்கா சென்று, மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் ஹியூலற் பக்காட் நிறுவனமும் இணைந்து 2002 நவெம்பரில் வெளியிட்ட டீஸ்பேஸ் என்பதனை ஆக்குவதிலும் பங்குகொண்டார். இரண்டும் இலவசம். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் களஞ்சியங்கள் டீஸ்பேசினால் அமைந்தவையே.

2001 டிசம்பரிற் புடாபெஸ்ற் நகரிற் கூடிய ஒரு சிறு குழுவினர், 2002 பெப்புருவரி 14ஆந் திகதி ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். திறந்த அணுகல் என்னும் தொடர் நிலைபெற்றது அதனாலேயே. அதிற் கூறப்பட்ட வழிகள் இரண்டு: ஆய்வாளர் தாமே களஞ்சியத்தில் இடுதல் ஒன்று, வாசகரிடம் விலை வாங்காத ஆய்விதழ்களைத் தோற்றுவித்தல் மற்றொன்று. பின்னைய வழியில் எழுதுவோரிடமே கட்டணம் வாங்கும் பழக்கம் பிற்காலத்துப் பெருகிற்று. ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான டொலர் கேட்கும் இதழ்கள் இன்று பல. வறிய நாட்டு ஆய்வாளன் வாசிக்க இயலாதவனாயிருந்த நிலைபோய் எழுத இயலாதவனாகும் நிலை இதனால் வந்தது. முன்னைய வழிக்கு அக்குறை இல்லை. எழுதுவோனும் படிப்போனும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

மென்பொருள் இருந்தது, பிரகடனம் இருந்தது, களஞ்சியங்களும் திறக்கப்பட்டன. அவை பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தன. தாமாக முன்வந்து இடுவோர் நூற்றுக்குப் பதினைந்தளவினரே என ஹானாட் கணக்கிட்டார். காரணங்கள் பல சொல்லப்பட்டன. வெளியீட்டாளர் சினப்பரோ என்னும் அச்சம் ஒன்று. பெரிய நிறுவனங்கள் பலவும் எழுதியவருடைய இறுதிக் கைப்படியை, அஃதாவது மதிப்பீட்டாளர் கூறிய திருத்தங்களெல்லாம் செய்யப்பெற்று இதழின் பக்க அமைப்பு மட்டும் பெறாத வடிவத்தைத் தத்தம் பல்கலைக்கழகத்தில் வைக்க இசைந்திருந்தமையால், அவ்வச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. நேரமின்மை மற்றொன்று. கால்மணி நேரச் செயலுக்கு இது பொருத்தமான காரணமாகத் தோன்றவில்லை. உண்மைக் காரணம் வேறு. கட்டுரை இதழில் வெளிவந்ததும் ஆய்வாளருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. விலைகொடுக்க இயலாத வாசகன் படும் இடர் அவர் கண்ணிற் படுவதேயில்லை, ஏனெனில் அவருடைய நூலகம் அவ்விதழை வாங்குகின்றது.

வேண்டுகோள் எவ்வளவு பயன்தரும் என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் அளந்தே காட்டிற்று. நாற்பது ஆண்டுக்கு முன் பரிமாற்றக் குழுக்களை மூடிய அதே நிறுவகம், தன் பொருளுதவியால் எழுந்த கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் இடுமாறு 2005 மே முதல் ஆய்வாளரை வேண்டிக்கொண்டது. இட்டோர் நூற்றுக்கு ஐவரிலுங் குறைவு. ஆகவே 2007 டிசம்பரில் அமெரிக்க சட்டமன்றம் அதனைக் கட்டாயமாக்கிற்று. 2008 ஏப்பிரில் 7ஆந் திகதி விதி நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் இடுவோர் தொகை நூற்றுக்கு எழுபதைக் கடந்தது. வெளிவந்து பன்னிரண்டு மாதம் வரை மூடிவைக்கலாம் என்றிருந்த சலுகையும் 2025 யூலை முதல் நீக்கப்பட்டது.

பல்கலைக்கழகங்களுள் முதன்முதலிற் கட்டாய விதி வகுத்தது அவுஸ்திரேலியாவிலுள்ள குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2004 தொடக்கத்தில் அவ்விதி அமுலாயிற்று. போர்த்துக்கலின் மின்ஞோ பல்கலைக்கழகம் விதியோடு பரிசும் கூட்டி, இட்ட அளவுக்கேற்பத் துறைகளுக்குப் பணம் வழங்கிற்று. எனினும் இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகமே.

மியூஸ் ஆற்றங்கரையிலுள்ள லியேஜ் நகரில் 1817இல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகத்துக்கு 2005இல் பேணாட் ரென்ரியே தலைவரானார். வைரசு ஆராய்ச்சியாளரான அவர் முதலிற் கண்ட குறை நிருவாகக் குறையே. பல்கலைக்கழகத்து ஆசிரியர் எழுதியவை எவை என்ற முழுப் பட்டியல் பல்கலைக்கழகத்திடமே இல்லை. தொழிற்சாலை ஒன்று தான் உற்பத்தி செய்த பொருளின் கணக்கை அறியாதிருத்தல் கூடுமா? 2007இல் ஆட்சிமன்றம் ஒரு விதியை ஏற்றது. 2002 முதல் வெளிவந்த கட்டுரைகள் யாவும் முழுவடிவிற் களஞ்சியத்தில் இடப்படல் வேண்டும் என்பது அது. 2008 நவெம்பரிற் களஞ்சியம் திறக்கப்பட்டது. ஓர்பி என்பது அதன் பெயர். திறந்த களஞ்சியமும் நூற்பட்டியலும் என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் அது. இலத்தீனில் 'உலகுக்கு' என்றும் பொருள்படும்.

விதி மட்டும் ஆயின் லியேஜும் பிறவற்றைப் போலவே ஆகியிருக்கும். விதி வகுத்துவிட்டு ஏட்டில் உறங்கவிட்ட பல்கலைக்கழகங்கள் பல உள. ரென்ரியே செய்தது ஒன்றே. 2009 ஒக்ரோபர் முதல், பதவியுயர்வுக்கோ ஆய்வு மானியத்துக்கோ விண்ணப்பிக்கும் ஆசிரியரின் கட்டுரைப் பட்டியல் ஓர்பியிலிருந்தே எடுக்கப்படும் என அறிவித்தார். அதில் இல்லாத கட்டுரை, தெரிவுக்குழுவைப் பொறுத்தவரை எழுதப்படாத கட்டுரை. தண்டனை எதுவுமில்லை, அபராதமில்லை, எவரையும் எவரும் அதட்டவில்லை. எந்த வாயிலால் வெளியீட்டாளர் 1966இல் பரிமாற்றக் குழுக்களை வென்றனரோ, அதே வாயிலாற் பல்கலைக்கழகம் உட்புகுந்தது. சில ஆண்டுகளில் லியேஜ் ஆசிரியர் எழுதும் கட்டுரைகளுள் மிகப் பெரும்பாலானவை ஓர்பியில் இடப்பெற்றன.

இவ்வமைப்பில் மற்றோர் நுட்பமும் உண்டு. இடுதல் வேறு, திறத்தல் வேறு எனப் பிரிக்கப்பட்டது. வெளியீட்டாளர் இசையாதவிடத்தும் கட்டுரையை இட்டே ஆகவேண்டும். ஆயின் அது மூடியிருக்கும். வாசகன் அதன் விவரத்தைக் கண்டு, அருகிலுள்ள பொத்தானை அழுத்திப் படி கேட்பான். எழுதியவர் இசைந்தால் ஒரு படி மின்னஞ்சலிற் செல்லும். முற்காலத்து அறிஞர் தம் கட்டுரையின் தனிப்படிகளை நண்பருக்குத் தபாலில் அனுப்பிய அதே செயல் இது. வெளியீட்டாளர் ஆட்சேபிக்க இதில் இடமேது? இவ்வாறு சட்டச் சிக்கல் என்னும் சாட்டும் இல்லாதொழிந்தது. தம் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தனர் என்பதை எழுதியோர் கண்டனர். கண்டபின் பழைய கட்டுரைகளையும் தேடி இட்டவர் பலர். கட்டாயத்தால் தொடங்கிய செயல் விருப்பமாக மாறியது.

இதே காலத்தில் ஹாவாட் பல்கலைக்கழகம் வேறொரு வழியிற் சென்றது. 2008 பெப்புருவரி 12ஆந் திகதி அதன் கலை விஞ்ஞான பீடத்து ஆசிரியர் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். கணனியியற் பேராசிரியர் ஸ்ருவட் ஷீபர் அதனை முன்னின்று நடத்தினார். பீடத்தினர் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும், அது எழுதப்படும்போதே, தனியுரிமையல்லாத ஓர் உத்தரவு பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும். பின்னர் வெளியீட்டாளருடன் எழுதியவர் எவ்வொப்பந்தம் செய்யினும் முன்னர் வழங்கிய உத்தரவு முந்தியதாகவே நிற்கும். வேண்டாதவர் விலக்குக் கேட்டுப் பெறலாம். காணியை விற்குமுன் வழியுரிமையை எழுதிவைப்பது போன்றது இது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து ஆசிரியரும் இதனைப் பின்பற்றினர். சில நாடுகள் இவ்வுரிமையைச் சட்டத்தாலேயே வழங்கின. பிரான்சு 2016இலும் பெல்ஜியம் 2018இலும் இயற்றிய சட்டங்களின்படி, ஒப்பந்தம் யாது கூறினும், பொதுப்பணத்தால் எழுந்த கட்டுரையை விஞ்ஞானத்தில் ஆறு மாதத்தின் பின்னும் மானிடவியற் கலைகளிற் பன்னிரண்டு மாதத்தின் பின்னும் எழுதியவர் திறந்து வைக்கலாம்.

வரலாற்றுத்துறையினர் இவ்வியக்கத்தை ஐயத்தோடே நோக்கினர் என்பதையும் சொல்லல் வேண்டும். 2013 யூலையில் அமெரிக்க வரலாற்றுச் சங்கம், கலாநிதிப் பட்ட ஆய்வேடுகளை ஆறாண்டு வரை மூடிவைக்க மாணவரை அனுமதிக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இளம் வரலாற்றாசிரியனுக்கு முதல் நூலே வாழ்வு. ஆய்வேடு எவர்க்கும் கிடைப்பதாயின் அதனை நூலாக்கப் பதிப்பகம் முன்வராது என்பது அவர் வாதம். இதனை முற்றாகத் தள்ளிவிடல் நேர்மையன்று. ஆய்வேடு எழுதியவன் ஐந்தாறு ஆண்டு ஆவணக்காப்பகங்களில் உழைத்தவன். அவ்வுழைப்பின் பயன் முதலில் அவனைச் சேர்தல் நியாயமே. ஆயினும் அச்சங்கம் கேட்டது காலவரையறை மட்டுமே. ஆறாண்டின் பின்னர் மூடிவைத்தற்கு அதுவும் நியாயங் காட்டவில்லை. ஆறாண்டு கடந்தும் நூலாகாத ஆய்வேடுகள் எத்தனையோ உள. அவை நூலாகவுமின்றித் திறக்கப்படவுமின்றி அலுமாரியிற் கிடத்தலால் எவருக்கு நன்மை?

விலைத்தடையின் விளைவு வெறும் வசதிக்குறைவு என எண்ணுவோருக்கு லைபீரியாவில் நிகழ்ந்தது கூறப்படல் வேண்டும். 2014இல் மேற்காபிரிக்காவில் எபோலா நோய் பரவியபோது, அந்நோய் அப்பகுதிக்குப் புதிது என்றே மருத்துவர் கருதினர். லைபீரியாவில் மட்டும் 4,800 பேர் வரையில் இறந்தனர். 2015 ஏப்பிரிலில், லைபீரிய சுகாதார அமைச்சின் தலைமை மருத்துவ அதிகாரி பேணிஸ் டான் என்பாரும் வேறிருவரும் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ஓர் உண்மையை எழுதினர். லைபீரிய மக்களின் குருதியில் எபோலாவுக்கான எதிர்பொருள் காணப்படுகின்றது, அந்நாடும் எபோலா நிலைகொண்ட பிரதேசங்களுட் சேர்க்கப்படல் வேண்டும் என ஜேர்மன் ஆய்வாளர் 1982ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய வைரசியல் இதழொன்றில் எழுதியிருந்தனர். அத்தகைய கட்டுரையொன்றைப் பெற 45 டொலர் வேண்டும். லைபீரிய மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் அது. விலை ஒன்றே தடை என அவர்கள் கூறவில்லை. அவ்வாய்வுகளில் லைபீரியர் எவரும் எழுத்தாளராகச் சேர்க்கப்படாமையாற் செய்தி நாட்டுக்குள் வேரூன்றவில்லை என்பதையும் சேர்த்தே கூறினர். இரு குறைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன. எவருடைய குருதியை எடுத்து எழுதினரோ அவரை வாசகராக எண்ணாமையே இரண்டிற்கும் மூலம்.

நிற்க. களஞ்சியத்தில் இட்டுவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்பதும் பிழை. பல பல்கலைக்கழகங்கள் தம் களஞ்சியத்தைத் தாமே நடத்தாது, பீபிறஸ் என்னும் கலிபோணிய நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தன. 2017 ஓகஸ்டில் அந்நிறுவனத்தை எல்செவியர் விலைக்கு வாங்கிற்று. எந்த வணிகருக்கு மாற்றாகக் களஞ்சியம் எழுந்ததோ அவர் கையிலேயே திறவுகோல் சென்றது. மற்றொரு சம்பவம் 2023 ஒக்ரோபரில் நிகழ்ந்தது. பிரித்தானிய நூலகத்தின் கணனிகளைத் திருடர் தாக்கினர். அந்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை ஒருங்கே தேடிப் பெற உதவிய ஈதோஸ் என்னும் சேவையும் அதனால் நின்று, நெடுங்காலம் எட்டாதிருந்தது. அவ்வேளையிற் கைகொடுத்தவை தனித்தனிப் பல்கலைக்கழகங்களின் களஞ்சியங்களே. பெருங்களஞ்சியம் ஒன்றிருப்பினும், ஊர்தோறும் சிறு களஞ்சியம் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஒரே இடத்தில் ஒரே படி இருத்தலின் ஆபத்தை இப்பகுதியார் பிறர் சொல்லி அறியவேண்டுவதில்லை. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யூன் முதலாந் திகதிக்குள் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. எரிந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய முயற்சி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் கல்லூரி மலர்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்க வைத்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகமும் தன் ஆய்வுக் களஞ்சியத்தை இணையத்தில் நடத்துகின்றது. இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. முன்னையது அச்சில் வெளிவந்ததைத் தேடிச் சென்று சேர்ப்பது. பின்னையது எழுதியோர் தாமே வந்து இடவேண்டுவது. லியேஜ் நகரத்து வரலாறு பொருந்துவது பின்னையதற்கே.

யாழ்ப்பாண வரலாறு பயில்வோர் அடிக்கடி பெயர் கேட்டும் பலர் கண்டிராத ஓர் ஏடு உண்டு. பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய கா. இந்திரபாலா, 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடே அது. இலங்கையில் திராவிடர் குடியேற்றங்களும் யாழ்ப்பாண அரசின் தொடக்கமும் அதன் பொருள். அச்சேறாத தட்டச்சுப் படியாகவே அது நெடுங்காலம் இருந்தது. அதனை மேற்கோள் காட்டியவர் பலர், மறுத்தவர் பலர், ஏட்டைக் கையிலெடுத்துப் படித்தபின் அவ்வாறு செய்தவர் அவருட் சிலரே. நாற்பது ஆண்டின் பின், 2005இல் வெளியிட்ட நூலில், புதிய தொல்லியற் சான்றுகளைக் கொண்டு தம் பழைய முடிபுகள் சிலவற்றை இந்திரபாலா தாமே மாற்றியமைத்தார். அவர் பயின்ற கீழைத்தேய ஆபிரிக்கக் கல்வி நிலையம் தன் பழைய ஆய்வேடுகள் பலவற்றை இன்று தன் களஞ்சியத்தில் மின்வடிவில் வைத்துள்ளது. ஓர் அறிஞர் முன்னர் யாது கூறினார், பின்னர் எச்சான்றினால் அதனை மாற்றினார் என்பதை, இலண்டனுக்குக் கப்பலேறாமலே, யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் காலம் இவ்வாறே வந்தது.